ஏவ்ரிலின் சொந்த நாற்காலி

ஏவ்ரில் ஸ்டோன்ஹவுஸ் எந்த அலுவலகத்துக்கு வேலைக்குப் போனாலும் தன் நாற்காலியைத் தானே கொண்டுபோவாள். பச்சைத் துணி போட்டு, சக்கரம் வைத்த பழைய நாற்காலி. காரின் பின்சீட்டை மடக்கி அதைப் படுக்கவைத்து, முதல் நாள் காலையில் வாசல் காவலாளியின் முன்னால் தரதரவென்று உருட்டிக்கொண்டு போவாள். உள்ளே நாற்காலி இல்லையா என்று யாராவது கேட்டால், "இருக்கு. அது அவங்க நாற்காலி" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

நாற்காலி மட்டுமில்லை. தேநீர்க் கோப்பை, அளவுகோல், கணினித் திரை எல்லாம் அவளுடையவை. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டால் போவாள், தின்பாள், சிரிப்பாள், எழுந்திருக்கும் முன் தன் தட்டுக்கான காசை மேஜையில் வைத்துவிடுவாள். வட இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில், தன் பெயரில் ஒற்றை ஆள் கம்பெனி வைத்து, கான்ட்ராக்ட்டில் ஆலைகளுக்குக் குழாய் வரைபடம் போடுகிறவர்கள் எல்லோரிடமும் இந்த ஆசாரம் கொஞ்சம் உண்டு. வேலை கொடுப்பவனின் கேக்கை ஓசியில் தின்றால், நாளைக்கு யாராவது வந்து "நீ கம்பெனி இல்லை, நீயும் இங்கே வேலைக்காரிதான்" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். மற்றவர்கள் பயத்தில் செய்ததை ஏவ்ரில் பெருமையோடு செய்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பெருமைக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வரைபட அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருந்தாள். பதினான்கு வருட வேலை. ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தபோது மேலாளர் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"உனக்கென்னம்மா, வீட்டுக்காரர் எஃகு ஆலையில இருக்கார், சமாளிச்சுக்குவே. கார்பட்டுக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றார்.

ஏவ்ரிலுக்கும் ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் பிள்ளை மேலாளரின் எண்ணிக்கையில் வரவில்லை. பக்கத்து மேஜை டெரி கார்பட் தலையைக் குனிந்துகொண்டான். அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

மூன்று வாரம் கழித்து அதே மேலாளர் தொலைபேசியில் வந்தார். அவள் போட்டு வைத்த குழாய்ப் படங்கள் யாருக்கும் புரியவில்லை, உடனே வர முடியுமா என்றார். ஏவ்ரில் அப்போது உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் வரமாட்டேன். வேணும்னா என் கம்பெனி வரும்" என்றாள்.

அப்படி ஒரு கம்பெனி அந்த நிமிடத்தில் கிடையாது. அடுத்த வாரம் இருந்தது. ஸ்டோன்ஹவுஸ் டிராயிங் லிமிடெட். பங்குதாரர், இயக்குநர், தொழிலாளி மூன்றும் ஏவ்ரில். செயலாளர், அவள் கணவன் க்ளைவ். தலைமை அலுவலகம், நார்ட்டனில் அவர்கள் வீட்டு அடுக்களை மேஜை. வேலையை விட்டு அனுப்பிய அதே வாசல் வழியாக அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்தக் கைகுலுக்கலை ஏவ்ரில் இருபத்தைந்து வருடமாக மறக்கவில்லை.

பிறகு எஃகு ஆலை மூடியது. க்ளைவ் வீட்டோடு வந்து உட்கார்ந்தான். மேலாளர் நம்பியிருந்த அந்த வீட்டுக்காரரின் சம்பளம் நின்றபோது, குடும்பத்தைத் தாங்கியது அடுக்களை மேஜைக் கம்பெனிதான். அதிலிருந்து க்ளைவ் அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவான். கேலிக்குத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது.

கடைசிப் பன்னிரண்டு வருடமாக அவளுடைய கம்பெனி ஹார்பாட்டில் என்ற ரசாயனத் தொழிற்சாலைக்குப் படம் போட்டுக் கொடுத்தது. அண்ணன் தம்பி நடத்திய சின்ன இடம். ஆறு மாத ஒப்பந்தம், பிறகு இன்னொரு ஆறு மாதம், நடுவில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சி. வடிவமைப்புப் பிரிவின் தலைவன் டெஸ்மண்ட் ஃபேர்கிளஃப், எல்லோருக்கும் டெஸ். தங்கமான ஆள். கார்பட்டும் பல இடம் சுற்றிவிட்டு, தன் பெயரிலும் ஒரு கம்பெனி வைத்துக்கொண்டு, அங்கேயே வந்து சேர்ந்தான். மறுபடியும் பக்கத்து மேஜை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் தெற்கே இருந்து ஒரு பெரிய குழுமம் ஹார்பாட்டிலை வாங்கியது. சின்ன இடமாக இருந்தவரை, வரிக்கணக்கில் ஏவ்ரில் கம்பெனியா வேலைக்காரியா என்பதை அவளே தீர்மானித்து அதற்கு அவளே பொறுப்பேற்றாள். பெரிய இடமாகிவிட்டால் அந்தத் தீர்மானம் வேலை கொடுப்பவரின் கைக்குப் போய்விடும். சட்டம் அப்படி. மார்ச் முதல் வாரத்தில் ஏஜென்சியிலிருந்து லூயிஸ் பிம் பேசினான். முப்பது வயது இருக்கும். தேன் தடவிய குரல்.

"ஏவ்ரில், எப்படி இருக்கீங்க? ஒரு நல்ல சேதி. எல்லாத்தையும் உங்களுக்குச் சுலபமாக்கிட்டோம்."

ஏவ்ரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுலபமாக்கிவிட்டோம் என்று யாராவது சொன்னால் அவள் கை பேனாவைத் தேடும்.

"ஹார்பாட்டில் தரப்புல உங்க வேலையை மதிப்பிட்டுட்டாங்க. நீங்க ஊழியர் மாதிரிதான்னு முடிவு. அதனால உங்க லிமிடெட் கம்பெனி இனிமே சரிப்படாது. நாலு குடை கம்பெனி பட்டியல் அனுப்பறேன். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து ஏப்ரல் கடைசி வெள்ளிக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க."

"போடலைன்னா?"

"ஏன் போடாம இருக்கப் போறீங்க?" பிம் சிரித்தான். "போடலைன்னா ஒப்பந்தம் அன்னிக்கு முடிஞ்சிடும். அவ்வளவுதான்."

அன்று மாலை அடுக்களை மேஜையில் அந்த நான்கு பெயர்களும் கிடந்தன. க்ளைவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். குடை கம்பெனி என்பது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. நீ வேலை செய்வது ஹார்பாட்டிலில், ஆனால் உன்னை வேலைக்கு வைத்திருப்பது நீ கண்ணால் பார்க்காத ஏதோ ஒரு கம்பெனி. உன் உழைப்புக்கான பணம் அங்கே போகும். முதலாளி கட்ட வேண்டிய வரியை அதிலிருந்தே எடுப்பார்கள், பிறகு தொழிலாளி கட்ட வேண்டிய வரியை எடுப்பார்கள், பிறகு தங்கள் கூலியை எடுப்பார்கள். மிச்சம் சம்பளம் என்று உனக்கு வரும். கைம்மாறாக, உனக்குக் கணக்கு எழுதும் தொல்லை இல்லை, விடுமுறைச் சம்பளம் உண்டு, காய்ச்சலில் படுத்தால் ஏதோ கொஞ்சம் வரும்.

"மோசம்னு சொல்ல முடியாது, முதலாளியம்மா. எனக்கு ஒரு வேலை மிச்சம். வருஷா வருஷம் அந்தக் கணக்கர்கிட்ட நான்தான் திட்டு வாங்கறேன்" என்றான் க்ளைவ்.

"நான் யாருக்கு வேலை பாக்கறேன்னு எனக்கே தெரியாம வேலை பாக்கணுமா?"

"நான் உன்னைப் போடுன்னா சொன்னேன்? படிச்சுக் காட்டறேன். கத்தாதே."

மறுநாள் கார்பட் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். பட்டியலில் முதல் பெயருக்கே போட்டுவிட்டான்.

"எனக்கு அறுபது வயசு, முட்டி தேஞ்சு போச்சு, வீட்டுக் கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கு. எனக்கு எதுக்குத் தாயி சண்டை? நீ சண்டை போடு, நான் கை தட்டறேன்" என்றான்.

"கம்பெனிய மூடிட்டியா?"

"மூடிட்டேன். நீயும் மூடு. ஊர்ல என்ன பேசிக்கறாங்க தெரியுமா? வரி கம்மியாக் கட்டத்தான் இவங்கெல்லாம் கம்பெனி வெச்சிருக்காங்கன்னு."

அந்த வார்த்தை ஏவ்ரிலுக்குச் சுருக்கென்று தைத்தது. "பித்தப்பை ஆபரேஷன் பண்ணி பதினோரு வாரம் கிடந்தேனே, ஹார்பாட்டில் எனக்கு என்ன குடுத்தான்? ஒண்ணும் குடுக்கல. நானும் கேக்கல. வேலை இல்லாத மாசத்துல எவன் குடுத்தான்? நானா கேட்டேன்? நல்லதும் என்னோடது, கெட்டதும் என்னோடதுன்னு இருந்தவ நான். எனக்கு ஒரு வரியும் பாக்கி கிடையாது, தேதி தவறினது கிடையாது. என்னைப் பாத்து எவன் சொல்றான் அதை?"

"நான் சொல்லலம்மா, ஊர் சொல்லுது" என்று கார்பட் தன் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ஏவ்ரில் பிம்மிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். என்னை ஊழியர் என்று முடிவு செய்தீர்களே, அதற்குக் காரணம் என்ன, எழுத்தில் காட்டுங்கள். காரணம் தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. பிம் இழுத்தடித்தான். அவள் தினமும் ஒன்பது மணிக்கு அவனைக் கூப்பிட்டாள். ஆறாவது நாள் படிவத்தின் நகல் வந்தது.

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாள். படிவத்தை நிரப்பியது டெஸ். அவன் கையால், வழக்கமான சாய்ந்த எழுத்தில்.

இவருக்குப் பதிலாக அவரது கம்பெனி வேறொருவரை அனுப்பினால் ஏற்பீர்களா? இந்தக் கேள்விக்கு டெஸ் எழுதியிருந்தான்: "ஒருபோதும் இல்லை. ஏவ்ரில் இடத்தில் வேறு யாரையும் வைத்துப் பார்க்கவே எங்களால் முடியாது." இவர் உங்கள் நிறுவனத்தின் அங்கமாகத் தோன்றுகிறாரா? "முழுக்க முழுக்க. எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. எங்கள் டார்ட்ஸ் அணியின் தலைவி. வரவேற்பறையில் படமே மாட்டியிருக்கிறோம்."

அவள் ஆத்திரப்படத்தான் நினைத்தாள். ஆனால் முதலில் வந்தது அழுகை. பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவளைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுதியதில்லை. அந்த நல்ல வார்த்தைகள்தான் அவள் கம்பெனிக்கு உலை வைத்தன. தன் காசில் கிறிஸ்துமஸ் வான்கோழி தின்ற ஏவ்ரில், சொந்த நாற்காலி கொண்டுவந்த ஏவ்ரில், டார்ட்ஸ் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள். தொழிற்சாலைகளுக்கிடையேயான அம்பு எறியும் போட்டியில் அவள் கை நன்றாக ஓடும். ஹார்பாட்டில் என்று முதுகில் எழுதிய நீலச் சட்டையை ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாட்டிக்கொண்டு போனாள். அதில் கேக் எங்கே, காசு எங்கே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விளையாட்டுதானே என்று இருந்துவிட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக டெஸ் அறைக்குப் போனாள். படிவத்தை அவன் மேஜையில் வைத்தாள்.

"இது என்ன டெஸ்?"

டெஸ் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உன்னைப் பத்தி நல்லதாத்தானே எழுதியிருக்கேன்? மேலிடத்துல புது ஆளுங்க. உன்னைத் தூக்கிடக் கூடாதேன்னு கொஞ்சம் தூக்கலாவே எழுதினேன்."

"நீ என்னைக் காப்பாத்தல. என்னை வேலைக்காரியாக்கிட்டே."

"ஏவ்ரில், நீ எங்கள்ல ஒருத்திதானே?"

"இல்ல." அவள் படிவத்தின் மேல் விரலை வைத்தாள். "எனக்கு உன்னைப் பிடிக்கும். இந்த இடத்தைப் பிடிக்கும். ஆனா நான் உங்கள்ல ஒருத்தி இல்ல. வெளியாளுக்கான மஞ்சள் அட்டை போட்டு வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டு வர்றவ. நீல அட்டை போட்ட உன் ஆளுக்கு ஓய்வூதியம் உண்டு, எனக்குக் கிடையாது. அதைக் கேட்டு நான் உன் கிட்ட வந்ததில்ல. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், நான் யாருன்னு நீ பொய் எழுதாதே."

"பொய்யா? மனசுல பட்டதை எழுதினேன்!"

"மனசுல பட்டதை வாழ்த்து அட்டையில எழுது. வரிப் படிவத்துல எழுதாதே."

ஏவ்ரில் அங்கிருந்து வரவேற்பறைக்கு நடந்தாள். சுவரில் அவள் நீலச் சட்டையோடு கேடயத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுவரில் ஆணி மட்டும் நின்றது. மறுநாள் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து டெஸ் மேஜையில் வைத்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு இந்த மொத்தச் சண்டையிலும் அதிகம் வலித்தது அந்தச் சட்டைதான். அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் க்ளைவ் அந்த ஊர்ப் பலகாரமான பார்மோ வாங்கி வந்து அவள் முன்னால் வைப்பான். கோழிக்கறி மேல் உருகிய சீஸை அவள் முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பாள்.

முடிவை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். ஹார்பாட்டில் தரப்பு பதில் சொல்ல நாற்பத்தைந்து நாள் அவகாசம். மூன்று பக்கம் எழுதினாள், க்ளைவ் இரண்டு பக்கத்தை அடித்தான். "திட்டெல்லாம் எடுத்துட்டேன், முதலாளியம்மா. மீதி நல்லாருக்கு" என்றான்.

ஆனால் காகிதத்தில் மட்டும் சொன்னால் போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. டெஸ் என்னதான் மாற்றி எழுதினாலும், அவள் இடத்தில் வேறு ஆள் வந்ததே இல்லை என்பது உண்மை. பன்னிரண்டு வருடமும் ஜுரம் வந்தாலும் மாத்திரை போட்டுக்கொண்டு அவளேதான் வந்திருக்கிறாள். ஆபரேஷன் சமயத்தில் வேலையை அப்படியே நிறுத்தி வைத்தாள், ஆளை அனுப்பவில்லை. ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவை எடுத்துப் படித்தாள். கம்பெனி தகுதியுள்ள வேறு நபரை அனுப்பலாம் என்று அச்சிட்டிருந்தது. பிம்மைக் கூப்பிட்டாள்.

"திங்கட்கிழமைலேர்ந்து எட்டு நாள் என் கம்பெனி சார்பா வேற ஒருத்தி வருவா. பேரு மொய்ரா கவர்டேல். பாதுகாப்புச் சான்றிதழ் அனுப்பறேன்."

பிம் சிரிக்கப் பார்த்தான். "ஏவ்ரில், அந்தப் பிரிவை யாரும் பயன்படுத்தறதில்ல. எல்லா ஒப்பந்தத்துலயும் சும்மா போடறது அது."

"சும்மா போட்டதுல நான் கையெழுத்துப் போடல, தம்பி."

மொய்ராவுக்கு அறுபத்தாறு வயது. பழைய வரைபட அலுவலகத்தில் ஏவ்ரிலோடு ஒன்றாக உட்கார்ந்தவள், ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் ஊர்க் காய்கறிப் போட்டிக்கு வெங்காயத்தாள் வளர்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மண் ஒட்டிய கையை இடுப்பில் ஊன்றினாள்.

"அப்ப நான் போய், நீ ஒண்ணும் பெரிய ஆள் இல்லைன்னு நிரூபிக்கணும், அதானே?"

"அதேதான்."

"அதை நான் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். எனக்கு எதுக்குடி கூலி?"

"கூலி உண்டு. என் கம்பெனி குடுக்கும். வாங்கித்தான் ஆகணும்."

அந்த எட்டு நாளும் ஏவ்ரில் பக்கத்து ஊரான ஹார்ட்டில்பூலில் இருந்தாள். ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறை வெகுநாளாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பச்சை நாற்காலியை அங்கே உருட்டிக்கொண்டு போய்ப் படம் போட்டாள். கை படம் போட்டது, மனசு ஹார்பாட்டிலிலேயே கிடந்தது. மொய்ரா சொதப்பிவிடுவாளோ என்று ஒரு பயம். சொதப்பாமல் நன்றாகச் செய்துவிடுவாளோ என்று இன்னொரு பயம். இந்த இரண்டாவது பயத்தை அவள் க்ளைவிடம்கூடச் சொல்லவில்லை.

மொய்ரா நன்றாகவே செய்துவிட்டாள். எட்டு நாளில் முடிய வேண்டியதை ஏழில் முடித்து, ஏவ்ரிலின் பழைய படம் ஒன்றில் ஒரு தப்பையும் கண்டுபிடித்து, அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்துவிட்டுப் போனாள். ஏவ்ரில் திரும்பி வந்த அன்று டெஸ் அவள் மேஜைக்கே வந்தான். முகம் வாடியிருந்தது.

"மொய்ரா நல்லாப் பண்ணினா."

"கேள்விப்பட்டேன்."

"அப்ப நீ இல்லாட்டியும் எனக்கு நடக்கும்ங்கறியா?"

"நடக்கும் டெஸ். அதைத்தான் நான் ஒரு மாசமா உனக்குச் சொல்லிட்டிருக்கேன்."

கார்பட் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "உலகத்துலயே, என்னை மட்டம் தட்டி எழுதுடான்னு சண்டை போடற ஒரே பொம்பளை நீதான்."

"நீ உன் குடைக்குள்ள இரு" என்றாள் ஏவ்ரில்.

டெஸ் புதிதாகப் படிவம் எழுதினான். எழுதும்போது கண் கலங்கினான் என்று அவன் அறை வழியாகப் போனவர்கள் சொன்னார்கள். மேலிடத்தில் யாரோ நெற்றியைச் சுருக்கினார்கள், மூன்று முறை தொலைபேசியில் கேட்டார்கள், மொய்ரா வந்துபோன வாசல் பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்தார்கள். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கு நான்கு நாள் இருக்கும்போது முடிவு மாறியது. ஸ்டோன்ஹவுஸ் டிராயிங் லிமிடெட் ஒரு கம்பெனிதான், ஏவ்ரில் ஹார்பாட்டிலின் ஊழியர் அல்ல. பிம் அதே தேன் குரலில் வாழ்த்துச் சொன்னான். "நான் அப்பவே நினைச்சேன்" என்றும் சொன்னான். ஏவ்ரில் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அடுக்களையில் ஒரு சுற்று ஆடினாள்.

டெஸ் எழுதியதன் நகலை அவள் கேட்டு வாங்கினாள். கழற்றிக்கொண்டு வந்த டார்ட்ஸ் படத்தின் சட்டத்திலேயே அதைச் செருகி அடுக்களைச் சுவரில் மாட்டினாள். "திருமதி ஸ்டோன்ஹவுஸ் நேரில் வந்தாக வேண்டும் என்று இல்லை. தகுதியுள்ள யாரும் இந்த வேலையைச் செய்யலாம்." வீட்டுக்கு வந்தவர்கள் படித்துவிட்டு என்ன இது என்று முழிப்பார்கள். "எனக்குக் கிடைச்ச பட்டம்" என்பாள்.

நவம்பரில் குழுமம் தெற்கே எங்கேயோ கணக்குப் போட்டுப் பார்த்து, அவர்கள் படம் போட்டுக்கொண்டிருந்த தொழிற்சாலை விரிவாக்க வேலையை நிறுத்தியது. கான்ட்ராக்ட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரு வாரக் கெடு. டெஸ் ஏவ்ரிலைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். கையைப் பிசைந்தான்.

"என்னால தாங்க முடியல, ஏவ்ரில். அந்த வரிய நான் எழுதாம இருந்திருந்தா, உன்னை மட்டுமாவது வெச்சுக்கச் சொல்லியிருப்பேன். யார் வேணா செய்யலாம்னு என் கையாலேயே எழுதிட்டேனே."

"கார்பட்டை வெச்சிருக்கியா?"

டெஸ் தலையைக் குனிந்தான். "அவனும்தான் போறான்."

"அவன் குடை கம்பெனி ஊழியன். நீ அவனைப் பத்தி ஒரு வரியும் எழுதல. அவனும் போறான். அப்ப நீ எழுதின வரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" அவள் எழுந்து கை நீட்டினாள். "நீ எழுதினது சரி. உன் வேலை முடிஞ்சுது, என் கம்பெனி கிளம்புது. யாரும் யாரையும் துரத்தல. கை குடு."

டெஸ் எழுந்து நின்று கை கொடுத்தான். தொண்ணூற்றெட்டில் அவளைக் கூப்பிட்டு உனக்கென்னம்மா என்று சொன்ன அறை அவளுக்கு நினைவு வந்தது. இந்த முறை அவளிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஐம்பத்தேழு வயதில் அடுத்த மாதம் என்ன என்று தெரியாமல் போவது விளையாட்டா? ஆனாலும் அவள் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

வெள்ளி மதியம் மஞ்சள் அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தாள். மழை பிசுபிசுத்தது. கார்பட் தன் கார் பக்கத்தில் கைப்பேசியை வெறித்துக்கொண்டு நின்றான். முகம் செவசெவவென்று இருந்தது.

"இதைப் பாரு. என் குடை கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கான். நான் இன்னும் அவங்க ஊழியன்தானாம். வேலை எதுவும் அவங்க கையில இல்லையாம். வேலை இல்லாததால சம்பளமும் இல்லையாம்." கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினான். "நான் வேலையிலயும் இருக்கேன், வீட்டுலயும் இருக்கேன். முப்பத்தஞ்சு வருஷம் படம் போட்டவன், நான் யாரு ஏவ்ரில்?"

எப்போதும் அவளைச் சீண்டும் கார்பட் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை. நான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"உன் முட்டி எப்படி இருக்கு?"

"முட்டிக்கென்ன? உக்காந்து படம் போடறதுக்கு முட்டியா வேணும்?"

"ஹார்ட்டில்பூல்ல அந்தச் சின்னப் பட்டறை தெரியுமில்ல? புது பாய்லர் வேலை ஒண்ணு எடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்கு நாலு மாச வேலை. நேத்து கேட்டாங்க, நான் சரின்னுட்டேன்."

கார்பட் கைப்பேசியைப் பையில் போட்டான். சந்தேகமாகப் பார்த்தான். "நான் உன் கம்பெனியில கூலிக்காரனா?"

"எனக்கு எதுக்குடா கூலிக்காரன்? மூடினதைத் திரும்பத் திற. இல்ல, புதுசா ஒண்ணு ஆரம்பி. சின்ன இடம், நீ யாருன்னு நீயே தீர்மானிக்கலாம், தப்பாப் போனா நீயே பொறுப்பு. க்ளைவ் படிவம் எழுதித் தருவான். அவனுக்குப் பொழுது போகாம இருக்கு."

"மேஜை இருக்கா அங்க?"

"மேஜை குடுப்பாங்க." ஏவ்ரில் பச்சை நாற்காலியைத் தூக்கிக் காரின் பின்னால் படுக்கவைத்துக் கதவை அறைந்து மூடினாள். "மத்தது உன் பாடு."

பதினைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஹார்ட்டில்பூல் பட்டறைத் தெருவில் எட்டு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. கார்பட் நொண்டிக்கொண்டே இறங்கி, பின்கதவைத் திறந்து, வீட்டு அடுக்களையில் கிடந்த ஒரு மர நாற்காலியை வெளியே எடுத்தான். அதன் ஒரு காலுக்குக் கீழே அட்டை மடித்து ஒட்டியிருந்தது. அதைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்த வெல்டர்களுக்கு நடுவே விறைப்பாக நடந்து வந்தான்.

ஏவ்ரில் தன் மேஜையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

"ஜன்னல் பக்கம் போடு. வெளிச்சம் நல்லா வரும்" என்றாள்.